பட்டினி கிடந்து பாஸ் ஆக முடியாது

உணவியல் படித்துவிட்டு நேராகக் கம்பெனி கேன்டீன்களுக்கு வந்திருக்கிறீர்கள். நல்லது. எந்தக் காயில் என்ன சத்து, யாருக்கு எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள். அதையெல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. நாவலூரில் ஏகாம்பரம் என்ற பஸ் டிரைவருக்கு நான் சோறு போட்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். என் வேலைக்காலத்தில் நான் அடித்த சிக்ஸர் அது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனைச் சமையலறையில் பத்தியச் சாப்பாடு என் பொறுப்பு. அங்கே வேலை சுலபம். நோயாளி கட்டிலில் கிடப்பார். உப்பில்லாத கஞ்சியைக் கொடுத்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிடுவார். எழுந்து ஓட முடியாதே. பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைக்க ஆரம்பித்ததும், நாவலூரில் ஒரு ஐ.டி. அலுவலகக் கேன்டீனுக்கு மேலாளராகப் போனேன். என் படிப்புக்கு உண்மையான பரீட்சை அங்கேதான் நடந்தது. சாப்பிட வருகிறவர்கள் யாரும் நோயாளி இல்லை. பிடிக்கவில்லையென்றால் தட்டை அப்படியே வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் பரோட்டா தின்னப் போய்விடுவார்கள்.

அந்த அலுவலகத்துக்கு ஆட்களை ஏற்றிவரும் பஸ் டிரைவர்களுக்கும் எங்களிடம்தான் சாப்பாடு. கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடம், நீளமாக ஒரு மேஜை. அவர்களில் மூத்தவர் ஏகாம்பரம். சொந்த ஊர் செய்யூர்ப் பக்கம், குடியிருந்தது செங்கல்பட்டில். விடிவதற்கு முன்பே செங்கல்பட்டில் வண்டியை எடுத்து, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கோவளம் என்று வழியெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாவலூர் வந்து சேர்வார். மாலையில் அதே பாதையில் திரும்புவார். அந்த வண்டியை அவர் துடைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். "வூட்டுக்காரி கோச்சிக்கினா சமாதானம் பண்ணிக்கலாம் மேடம். இவ கோச்சிக்கினா நடுரோட்ல நிக்கணும்" என்பார்.

ஒரு வருடம், பொங்கல் முடிந்த கையோடு டிரைவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. ஏகாம்பரத்துக்குச் சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. ஏற்கெனவே மாத்திரை வேறு போட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி டாக்டர் ஒரு அம்மா. குரலை உயர்த்தாமல் பேசுவார், பேசினால் அதுதான் முடிவு. என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு ஏகாம்பரத்திடம் சொன்னார்:

"மூணு மாசம் டைம் தரேன். மாத்திரை ஒழுங்கா போடுங்க, சாப்பாட்ட இவங்க பார்த்துப்பாங்க. அப்பவும் குறையலன்னா வண்டி ஓட்ட ஃபிட்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்க பின்னாடி பஸ் நிறைய பிள்ளைங்க உட்கார்ந்திருக்காங்க."

கையெழுத்துப் போடவில்லையென்றால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஷெட்டில் வண்டி கழுவும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். வெளியே வந்ததும் ஏகாம்பரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டீரிங் புடிச்ச கையில பக்கெட்ட குடுத்துடுவாங்களா மேடம்?"

"நான் இருக்கேன்ல, பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல்தான் சொன்னேன். அவர் முகம் அப்படி இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவருடைய ஸ்டீயரிங் என் தலைவலி ஆகிவிட்டது.

அன்று மதியமே அவரை உட்காரவைத்து விசாரித்தேன். "என்ன சாப்பிடறீங்க ஏகாம்பரம், மறைக்காம சொல்லுங்க."

"நான் ரொம்ப கண்ட்ரோல் மேடம். ராத்திரில சோறே தொட மாட்டேன். சப்பாத்திதான்."

"எத்தனை?"

"பசி எம்மாம் கீதோ அம்மாம். சப்பாத்திக்கு இன்னா கணக்கு? அதான் சுகருக்கு மருந்தாச்சே."

"தொட்டுக்க?"

"உருளைக்கெழங்கு குருமா."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே கோதுமை மாவு வாங்கிவந்து வைத்துவிடுகிறது நம் ஜனம். சோற்றைக் கைவிட்டால் போதும், எண்ணெய் சொட்டச் சொட்ட எத்தனை சப்பாத்தி தின்றாலும் அது பத்தியம் என்று நம் ஊரில் யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. "வடக்கே போனா அங்க எல்லாருக்கும் சப்பாத்திதான் சாப்பாடு. அங்க ஒருத்தருக்கும் சர்க்கரை இல்லையா?" என்று கேட்டேன். ஏகாம்பரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப நான் இத்தினி நாளா துன்னதெல்லாம் இன்னா மேடம்?" என்றார். "விருந்து" என்றேன்.

மற்ற நேரம் எப்படி என்று தோண்டினேன். காலையில் வீட்டில் டீ, சர்க்கரை தூக்கலாக. திருக்கழுக்குன்றத்தில் இன்னொரு டீ, கூட ஒரு பன். வழியில் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் இறங்க வேண்டியிருக்கும், பஸ்ஸை எங்கே நிறுத்துவது? நாவலூர் வந்து சேரும்போது கொலைப்பசி. பொங்கல், வடை, பூரி மூன்றும் ஒரே தட்டில். மதியம் சோறு மலைபோல. தின்றதும் பஸ்ஸின் கடைசி சீட்டில் குறட்டை. மாலையில் பஜ்ஜி, டீ. ராத்திரி மேற்படி மருந்து. கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது. அந்த மனிதர் பெருந்தீனிக்காரர் இல்லை. வண்டிக்கு ஒரு நேரம் இருந்தது, அவர் வயிற்றுக்கு ஒரு நேரமும் இல்லை. நீங்கள் போய் உட்காருகிற கேன்டீனிலும் முதலில் இதைத்தான் கேளுங்கள்: என்ன சாப்பிடுகிறார் என்பதற்கு முன்னால், எப்போது சாப்பிட முடிகிறது என்று.

முதல் வேலையாகக் காலையைப் பிடித்தேன். திருக்கழுக்குன்றத்தில் வண்டி எப்படியும் கொஞ்சநேரம் நிற்கும். தாமதமாக ஓடிவருகிற ஒரு கூட்டம் அங்கே எப்போதும் உண்டு. அந்த நேரத்தில் டீக்கடைக்குப் போகாமல் சீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட ஏதாவது வேண்டும். அவர் மனைவியோடு போனில் பேசினேன். முந்தின நாளே கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஊறப்போட்டு, காலையில் அவித்து டப்பாவில் கொடுத்துவிடுகிறேன் என்றார் அந்த அம்மா. கூட ஒரு கொய்யாக்காய். தை மாதத்தில் கொய்யாவுக்கா பஞ்சம்? "இத்த மட்டும் துன்னா ஸ்டீரிங் எப்டி சுத்தறது?" என்று முதல் நாள் ஏகாம்பரம் சண்டைக்கு வந்தார். நாலைந்து நாளில் நாவலூர் வந்து சேரும்போது அந்தக் கொலைப்பசி காணாமல் போயிருந்தது. தட்டிலிருந்து பூரி தானாக இறங்கிவிட்டது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது மதியச் சாப்பாடு. இங்கேதான் நான் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். எந்தக் கேன்டீனுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், வரிசையில் முதலில் நிற்பவர் சோறு போடுகிறவர். பெரிய கரண்டியால் தட்டை நிரப்பிவிடுவார். அதன்மேல் குழம்பு. கடைசியில் பொரியல்காரர் வரும்போது தட்டில் இடம் ஏது? ஓரத்தில் ஒரு கரண்டி, கடமைக்கு. நான் டிரைவர்கள் வரிசையை அப்படியே திருப்பிப் போட்டேன். முதலில் கீரை, பிறகு பொரியல், பிறகு கூட்டு, பிறகு மீனோ சுண்டலோ. சோற்றுப் பாத்திரம் கடைசியில், அதுவும் கைக்குத்தல் அரிசி. யார் சோற்றையும் நான் குறைக்கவில்லை. தட்டில் மிச்சமிருக்கிற இடத்துக்குச் சோறு, அவ்வளவுதான்.

குமார் என்று இன்னொரு டிரைவர், இளவட்டம், வாய் ரொம்ப நீளம். வரிசையைப் பார்த்ததும், "இன்னா மேடம், க்ளைமாக்ஸ மொதல்லியே காட்றீங்க?" என்றான்.

"பொரியல்தான் க்ளைமாக்ஸ்னு ஒத்துக்கிட்டியே, சந்தோஷம். தட்ட நீட்டு."

மேஜை முழுக்கச் சிரிப்பு. குமாரும் தட்டை நீட்டினான்.

பொரியல் ருசியாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். எங்கள் சமையல் மாஸ்டர் வருடம் பூராவும் கேரட், பீன்ஸ், கோஸ் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார், மைசூர் பாகு வெட்டுகிற மாதிரி ஒரே அளவில் நறுக்கி. நான் அவரைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். தையில் அவரைக்காய் வந்து குவிந்திருந்தது, பச்சை மொச்சை, பிஞ்சுக் கத்தரிக்காய், கட்டுக்கட்டாக முளைக்கீரை. அந்தந்த மாதத்துக் காயைப் பறித்த சூட்டோடு சமைத்தால் மசாலா கொட்டி மறைக்க வேண்டியதில்லை. மாஸ்டருக்கே உற்சாகம் வந்துவிட்டது. நெம்மேலிப் பக்கத்துக் கரையிலிருந்து நெத்திலி வந்தது. பொரிக்காமல் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை பிடுங்க ஆரம்பித்ததும், மாலை பஜ்ஜித் தட்டு போய், தோலோடு அவித்த கடலை வந்தது. உரித்துத் தின்பதற்குள் டீ நேரமே முடிந்துவிடும், நிறையவும் தின்ன முடியாது. பங்குனியில் வெள்ளரிப்பிஞ்சு. முகத்தைச் சுளித்து யாரும் எதையும் தின்னவில்லை.

கூழ் மட்டும் தகராறு செய்தது. மாசி வெயில் ஏறியதும், முற்பகலில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ், மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ள என்று கொண்டுபோய் வைத்தேன். ஏகாம்பரத்துக்கு முகமே சிவந்துவிட்டது.

"எங்க நைனா கூழு குடிச்சி ஏர் ஓட்னாரு மேடம். நான் பஸ் ஓட்றேன். எனக்கும் கூழா?"

அவர் கோபம் எனக்கு விளங்கியது. வெள்ளைச் சோறு தின்பதற்காகத்தானே ஊரைவிட்டு வந்தார்கள். வாதாடினால் ஆள் நிரந்தரமாக முறுக்கிக்கொள்வார். நான் கூழ்ப் பானையை எடுத்துக்கொண்டு நேராக முன்பக்கம் ஐ.டி. பிள்ளைகள் சாப்பிடுகிற ஹாலில் வைத்தேன். மோர்மிளகாயும் வைத்தேன். கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் கண்ணாடி டம்ளரோடு வரிசை கட்டி நின்றார்கள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே டிரைவர்கள் நின்று இதைப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் பின்பக்கத்திலிருந்து குமாரின் குரல்: "நம்ம கூழ அவங்க குடிச்சிகினு கீறாங்க, நம்பள்து எங்க மேடம்?" பானை திரும்பிப் போனது. ஏகாம்பரம் டம்ளரை வாங்கி, என் பக்கம் திரும்பாமலேயே குடித்து முடித்தார். "உப்பு கம்மி" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டை அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் கூழும் நல்லது என்று தெரிந்ததும் சொம்பு சொம்பாகக் கேட்க ஆரம்பித்தார்கள். சப்பாத்தி போய்க் கூழ் மருந்தாகிவிட்டது. "ஒரு டம்ளர்தான், மருந்தும் இல்ல, மந்திரமும் இல்ல" என்று கரண்டியோடு நானே காவல் நின்றேன்.

இரண்டு மாதம் ஓடியது. ஏகாம்பரத்தின் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் போனது. சாப்பிட்டதும் தூங்காமல் குமாரோடு காம்பவுண்டைச் சுற்றி நடந்தார். ராத்திரி வீட்டுக்குப் போனதும் இரண்டு இட்லி, இல்லையென்றால் கொஞ்சம் சோறும் காயும். "முன்னல்லாம் கோவளம் தாண்டறதுக்குள்ள கண்ணு சொருவும் மேடம். இப்ப ஜம்முனு கீது" என்றார். விரலில் குத்திப் பார்த்த டாக்டரம்மாவுக்கும் திருப்தி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: "மாத்திரை போட்டா வேளைக்குச் சாப்பிட்டே ஆகணும். பட்டினி கிடந்தா சர்க்கரை ஒரேயடியா இறங்கி மயக்கம் வரும். ஏறினத விட இறங்கினா ஆபத்து."

மறுபரிசோதனை சித்திரைத் தொடக்கத்தில். இந்தத் தடவை எடுக்கப்போவது போன மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இதை நான் டிரைவர்களிடம் சொன்னேன். ஏகாம்பரம் தலையாட்டினார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். ஏனென்றால் டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மெடிக்கல் வருகிறது என்றால் அதற்கு முந்தின இரண்டு நாள் பச்சைத் தண்ணீரோடு கிடப்பார்கள். பரிசோதனை முடிந்ததும் பிரியாணிக் கடைக்குப் போவார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பரிசோதனைக்கு முந்தின நாள் மாலை. பஸ்கள் கிளம்புகிற நேரம். நான் கேன்டீன் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஏகாம்பரத்தின் வண்டி நிரம்பியிருந்தது, பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தாயிற்று. ஏகாம்பரம் வண்டியை நோக்கி நடந்து வந்தார். படியில் கால் வைக்கப்போனவர் வைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. சித்திரை வெயில்தான், எல்லோருக்கும் வேர்க்கும். ஆனால் கம்பியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. பிறகு ஏறி, சீட்டில் உட்கார்ந்து, இஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

நான் ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"இறங்குங்க ஏகாம்பரம்!"

"ஒண்ணியுமில்ல மேடம், நவுருங்க, லேட்டாவுது" என்றார். நாக்கு குழறியது.

"மத்தியானம் சாப்பிட்டீங்களா? நேத்து? உண்மையச் சொல்லுங்க!"

அவர் கியரைத் தேடினார். அந்த இரண்டு நாளும் மதியக் கூட்டத்தில் அவர் தட்டை நான் கவனிக்கவில்லை. "நேத்து காலைலருந்து ஒண்ணியும் துன்னல மேடம்" என்று பின்னாலிருந்து குமார்தான் சொன்னான். "மாத்திரை மட்டும் போட்டுகினு கீறாரு. நாளைக்கு டெஸ்ட்டு இல்ல?"

 மாத்திரை உள்ளே, சோறு இல்லை. டாக்டரம்மா எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்துகொண்டிருந்தது. நான் பக்கவாட்டில் ஏறி, கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தேன். குமாரும் நானும் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கேன்டீன் பெஞ்சில் உட்காரவைத்தோம். சுயநினைவு இருந்தது, தண்ணீரை விழுங்க முடிந்தது. "மாஸ்டர், டம்ளர்ல சர்க்கரையப் போட்டுத் தண்ணி கலந்து கொண்டாங்க, நிறையப் போடுங்க" என்று கத்தினேன்.

குமார் என் கையைப் பிடித்துவிட்டான். "மேடம், சுகரு பேஷன்ட்டுக்கு சக்கரயா? நாளைக்கு டெஸ்ட்டு மேடம்! ஆளயே காலி பண்ணிடுவீங்க போல கீதே!"

"கைய எடுடா! டெஸ்ட் நாளைக்கு. ஆள் இப்ப வேணும்."

குடிக்கவைத்தேன். அதற்குள் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் ஊரே எரிகிற மாதிரி குதிப்பார்.

"இன்னா மேடம் நடக்குது இங்க? இவன் இனிமே வேலைக்கு ஆவ மாட்டான். சுகர் ஏறி மயக்கம், அன்ஃபிட்டுனு இப்பவே மேல சொல்லிடறேன்."

ஏகாம்பரம் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வண்டி கிளம்பியிருக்கும், அவர் வேலையும் அன்றைக்குத் தப்பியிருக்கும், பஸ்ஸில் இருந்த பிள்ளைகளின் கதி? நிறுத்தியதால் அவர் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனோ? அந்தப் பயம் எனக்கு இருந்தது. ஆனால் வண்டியை நிறுத்தியதில் ஒரு துளிச் சந்தேகமும் இல்லை.

"சார், நடந்தத மறைக்கச் சொல்லல. இவர் இன்னைக்கு வண்டி எடுக்க மாட்டார். டாக்டர் சொல்ற வரைக்கும் எடுக்க மாட்டார். குமாரோட வண்டில பாதி சீட்டு காலி, அதுல வர்றவங்கள வேற வண்டிக்கு மாத்திட்டு குமார இதுக்கு அனுப்புங்க. ஆனா நடந்தத நடந்தபடி சொல்லுங்க. இவருக்கு மயக்கம் வந்தது சர்க்கரை ஏறினதால இல்ல. பட்டினியால. டாக்டருக்கு நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"

அவரே பண்ணினார். டாக்டரம்மா நான் சொன்னதையே சொன்னார், கூட நாலு வசவு சேர்த்து. வசவு ஏகாம்பரத்துக்கு. குமார் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரத்துக்கு நடுக்கம் நின்று கண் தெளிந்தது. மாஸ்டர் சோறும் கீரையும் பிசைந்து கொண்டுவந்தார். ஏகாம்பரம் ஒரு வாய் எடுத்தார், பிறகு அழுதுவிட்டார்.

"அவ்ளோதான் மேடம். நாளைக்கு சக்கர தண்ணில மாட்டிக்குவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஏன்யா, மூணு மாசம் ஒழுங்கா சாப்பிட்டீங்களே, அது ஒரு டம்ளர் தண்ணியில கரைஞ்சிடுமா? மூணு மாசத்த நம்பாம ரெண்டு நாள் பட்டினிய நம்பினீங்களே! சாப்பிடுங்க முதல்ல!" அவர் சாப்பிட்டார். கடைசிப் பருக்கைவரை நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டதும் சூப்பர்வைசர் தன் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டி, வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை ஏகாம்பரம் ஷெட்டில்தான் இருந்தார். யாரோ ஒருத்தர் ஓட்டிவந்த தன் வண்டியை அவரே கழுவினார்.  ஆனால் வேளைக்கு வேளை வந்து வரிசையில் நின்று சாப்பிட்டார். எனக்கும் அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. அவருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் பட்டினி கிடப்பதா என்று என்னை நானே திட்டிக்கொண்டு சாப்பிட்டேன்.

முடிவு வந்த அன்று மதியம், டாக்டரம்மாவே கேன்டீன் பின்பக்கத்துக்கு நடந்து வந்தார். அவர் அதற்குமுன் அங்கே வந்ததே இல்லை.  ஏகாம்பரம் எழுந்து நின்றார்.

"மூணு மாசக் கணக்கும் நல்லா இறங்கியிருக்கு. மாத்திரையக் குறைச்சிடறேன், இனிமே அந்த மயக்கம் வராம பார்த்துக்கலாம். ஏகாம்பரம், நீங்க ஃபிட். கையெழுத்துப் போட்டாச்சு. இனி ஒரு வேளை சாப்பிடாம சீட்ல உட்கார்ந்தீங்கன்னு கேள்விப்பட்டேன்னா, போட்ட கையெழுத்த நானே அடிச்சிடுவேன்."

தகரக் கூரை பறந்துவிடும் போல ஒரு சத்தம். குமார் மேஜைமேல் ஏறிவிட்டான். மாஸ்டர் கரண்டியால் அண்டாவைத் தட்டினார். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் மறைக்கவில்லை. ஜெயித்தவள் ஏன் மறைக்க வேண்டும்?  ஏகாம்பரம் டாக்டரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, "மேடம்" என்றார். 

அந்த நேரம் பார்த்துச் சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடிவந்தார். யாரோ வெளிநாட்டு விருந்தாளிகளை உடனே மாமல்லபுரம் கூட்டிப்போய்க் காட்டவேண்டுமாம். பஸ் வாசலில் நிற்கிறது, பெரிய அதிகாரிகள் எல்லாம் ஏறியாகிவிட்டது. "ஏகாம்பரம், நீதான் ஃபிட்டாமே, கேள்விப்பட்டேன். ஓடு, ஓடு, வண்டிய எடு, எல்லாரும் காத்துகினு கீறாங்க!"

அந்த வார்த்தைக்காகத்தானே அந்த மனிதர் நாள்கணக்கில் தவித்தார். அவர் உடனே பாய்ந்து ஓடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஏகாம்பரம் வண்டி நிற்கிற திசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நின்றார்.

"முருங்கக்கீர இப்பதான் எறக்கிக்கீறாங்க சார். துன்ட்டு வரேன்" என்றார். "அவங்கள உள்ள வந்து ஒரு டம்ளர் கூழு குடிக்கச் சொல்லுங்க, அதுக்குள்ள நான் ரெடி."